மீன்சட்டியில் நட்ட ஜூனிபர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். என் பெயர் அந்தோணிசாமி. எட்டாவது வரை படித்தவன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில் ஒரு நர்சரியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம்தான் நின்றேன். இதை எழுதுவதற்கென்று மூன்று தடவை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டில் என் மனைவி சகாயமேரி ஜெபக் கூட்டத்துப் பாட்டுகளை எழுதிக்கொண்டாள். இரண்டாவதில் பேத்தி மாடு வரைந்தாள். மூன்றாவதை யார் கையிலும் படக்கூடாது என்று ஒளித்து வைத்தேன். எங்கே ஒளித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

போன மாதம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. தாம்பரம் பக்கத்தில் ஒரு மாதா கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்த மரம் செத்து மூன்றாம் நாள் உயிர்த்ததாம். அதன் கிளையில் எண்ணெய் வடிந்ததாம். அதைப் பார்த்த ஒரு நர்சரிக்காரர் அங்கேயே மயங்கி விழுந்தாராம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வருமாம். அனுப்பியவர் அனகாபுத்தூரில் இருக்கிற என் சொந்தச் சகலை.

அந்த மரம் என் மரம். மயங்கி விழுந்ததாகச் சொல்லப்படுகிற நர்சரிக்காரர் எங்கள் ஓனர். அவர் மயங்கவெல்லாம் இல்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆண்டவர் என்னைக் கேட்பார் என்று பயந்து நாலாவது நோட்டு வாங்கிவிட்டேன்.

1. ஸ்டூல்

எங்கள் ஓனர் பாண்டுரங்கன் அண்ணன் முருக பக்தர். நெற்றியில் பட்டை, வாயில் ஓயாத பேச்சு. அப்போது எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்திருந்தது. செம்மண் மூட்டை இறக்குவதும் சிமெண்ட் தொட்டி தூக்குவதும்தான் என் வேலை. ஒருநாள் பெங்களூர் லோடு வந்து இறக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"யோவ் அந்தோணி, இன்னா சிலை மாதிரி நின்னுகினு கீறே? இது நர்சரியா, மியூசியமா?" என்றார்.

"இடுப்புண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், லோடைப் பார்த்தார். அந்த லோடில் கறுப்புக் கவரில் ஐம்பது ஜூனிபர் வந்திருந்தது. ஊசி ஊசியாக, கரும்பச்சையாக, முழங்கால் உயரத்தில் இருக்கும். சின்ன கிறிஸ்துமஸ் மரத்தைத் தலைவாராமல் விட்டது போல. விலையும் குறைவு.

"கேக்குறியா? போன்சாய் செக்ஷன் ஒண்ணு போடலாம்னு கீறேன். ஃபிளாட்காரங்க வந்து வந்து கேக்குறாங்க. ரெடியா வாங்கி வித்தா நமக்குக் கட்டாது. இந்தக் கவர் செடியிலயே ஒண்ணு பண்ணிக் காட்டு. ஈஸ்டர் வரைக்கும் உயிரோட வெச்சிருந்தியானா செக்ஷன் உனக்கு. டேபிள், ஃபேன், ஸ்டூல் எல்லாம் போட்டுத் தரேன்."

டேபிளும் ஃபேனும் என் காதில் விழவே இல்லை. ஸ்டூல் என்ற சொல்தான் விழுந்தது. பதின்மூன்று வருடமாக நின்றே வேலை பார்த்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அன்று இரவு ஜெபமாலையில் ஐந்து தேவ ரகசியத்துக்கும் ஒரே கருத்துதான்: மாதாவே, அந்த ஸ்டூல்.

2. ஒரே சனிக்கிழமை

ஐம்பதில் எதை எடுப்பது? இருப்பதிலேயே உயரமானதை, இருப்பதிலேயே பச்சையானதை எடுத்தேன். அது முதல் தப்பு. இன்றைக்கு என்னிடம் யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: மேலே பார்க்காதே. மேல் மண்ணை விரலால் தள்ளிவிட்டு அடிமரத்தைப் பார். அடி பருத்து, வேர் நாலா பக்கமும் விரிந்திருக்கிற செடி குட்டையாக இருந்தாலும் அதுதான் மரம். என்னுடையது அகர்பத்தி போல நேராக இருந்தது.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவர் கவர் செடியை எடுக்கிறார், வெட்டுகிறார், வேரைக் கழுவுகிறார், கம்பி சுற்றுகிறார், தட்டுச் சட்டியில் வைக்கிறார். பதினோரு நிமிடம். அவருக்குப் பதினோரு நிமிடம் என்றால் எனக்கு ஒரு சனிக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டேன். நடுநடுவே திரை கறுப்பாகி ஏதோ இங்கிலீஷில் எழுத்து வந்து போனது. அது "ஒரு வருடம் கழித்து" என்று பிற்பாடு பேத்தி படித்துச் சொன்னாள்.

கட்டரை எடுத்தேன். இடது பக்கம் கொஞ்சம் வெட்டினேன். வலது பக்கம் கனமாகத் தெரிந்தது, அங்கே வெட்டினேன். இப்போது இடது பக்கம் கனம். கிருதா சரிசெய்யப் போய் மொட்டையில் முடிகிற கதைதான். பத்துக் கிளையில் மூன்று மிஞ்சியது. அதோடு விட்டேனா? வேரில் ஒரு துளி மண் இல்லாமல் குழாயடியில் வைத்துக் குளிப்பாட்டினேன். முக்கால்வாசி வேரைக் கத்தரித்தேன். வளைக்கக் கம்பி வேண்டும். அதற்கு அலுமினியக் கம்பி என்று தனியாக உண்டு, மெத்தென்று இருக்கும். நான் பக்கத்துக் கட்டடத்தில் சென்ட்ரிங் ஆட்களிடம் கட்டுக்கம்பி வாங்கிவந்து முறுக்கினேன். அது பட்டையைக் கவ்விக்கொண்டது.

சட்டிக்கு எங்கே போவது? வீட்டில் சகாயமேரியின் மீன்குழம்புச் சட்டி இருந்தது. அகலமாய், ஆழம் குறைவாய், பார்க்க வீடியோவில் வந்தது போலவே. அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரத்தில் டிரில்லால் அடியில் மூன்று ஓட்டை போட்டேன். நர்சரிச் செம்மண்ணைக் கொட்டி, செடி ஆடக்கூடாது என்று கட்டைவிரலால் குத்திக் குத்தி இறுக்கினேன். கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு முடித்தவன் போல அப்படி ஒரு நிம்மதி.

திங்கட்கிழமை ஓனர் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது? மொட்டை அடிச்சு காது குத்துன கொழந்த மாதிரி கீது."

"வளரும்ணே."

"வளரட்டும். முருகா."

3. குடில்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தெரு பிலோமினா அக்கா நர்சரிக்கே வந்துவிட்டார். கோயிலில் குடில் ஜோடிப்பது அவர் பொறுப்பு. முட்டி வலிக்காரர். ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டுத்தான் ஏறுவார்.

"அந்தோணிண்ணே, போன வருஷம் பிளாஸ்டிக் மரம் வெச்சு ஃபாதர் மூஞ்சியே சரியில்ல. உங்ககிட்ட நெஜ மரம் ஏதாச்சும் இருக்கா?"

எனக்கு உடனே ஒரு யோசனை. குழந்தை இயேசுவின் பக்கத்தில் ஒரு மாதம் நின்றால் என் ஜூனிபருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஓனரிடம் கேட்டேன். "எட்துகினு போ. ஒங்க சாமி பாத்துக்கட்டும். செத்தா எங்கிட்ட வரக்கூடாது," என்றார்.

மாட்டுக்குப் பின்னால், மலை மாதிரி கசக்கி ஒட்டிய காகிதத்துக்கு அடியில் வைத்தோம். வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இடம். சீரியல் பல்பு ஓடுவதால் ஷாக் அடிக்கும் என்று யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். கிளை மேல் பனி என்று பஞ்சு வைத்தார்கள்.

குடில் திறந்த சாயங்காலம் ஃபாதர் ஜெபம் சொன்னார். எல்லோரும் முழங்காலில் நின்றோம். அந்த அமைதியில் சகாயமேரியின் குரல் கேட்டது.

"ஏங்க, அது என் மீன்சட்டி இல்ல?"

"ஜெபம் பண்ணு."

"ரெண்டு வாரமா வூடு பூரா தேடிகினு கீறேன்! பக்கத்து வூட்டுக்காரி மேல சந்தேகப்பட்டு அவகூடப் பேசறதையே நிறுத்திட்டேன்!"

பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்குப் பின்வரிசையில்தான் முழங்காலில் இருந்தார்.

4. பச்சை

பத்து நாளில் குடிலில் முளைக்கவைத்த கேழ்வரகு மஞ்சளானது. தென்னங்கீற்று சுருண்டது. ஒரு குரோட்டன்ஸ் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நின்றது. என் ஜூனிபர் மட்டும் வைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே பச்சை.

பிலோமினா அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். "தண்ணி இல்ல, வெயில் இல்ல. பாருங்க, ஒரு இலை வாடல. இது சும்மா இல்லண்ணே."

மறுநாள் மரத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. அதற்கு அடுத்த நாள் ஒன்பது. அக்காவுக்கு முட்டி வலி பாதி குறைந்துவிட்டது. பம்மலிலிருந்து வந்தார்கள், அனகாபுத்தூரிலிருந்து வந்தார்கள். சகலையும் வந்தார். ஃபாதர் ரெண்டு பிரசங்கத்தில் "குடிலில் குழந்தையைப் பாருங்கள், செடியை அல்ல" என்று சொல்லிப் பார்த்தார். ஜனங்கள் தலையாட்டிவிட்டுச் செடியைப் பார்க்கப் போனார்கள்.

அவர்களை நான் குறை சொல்ல முடியாது. எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் நான்தான். கட்டுக்கம்பி சுற்றிய கையை நானே முத்தமிட்டுக்கொண்டேன். யாராவது "இது யார் வெச்சது?" என்று கேட்க வேண்டும் என்று குடிலுக்குப் பக்கத்திலேயே காரணமில்லாமல் நிற்பேன்.

புது வருடத்துக்கு அடுத்த நாள் ஓனரே வந்தார். நர்சரியில் "அந்தக் கோயில் மரம் மாதிரி ஒண்ணு" என்று நாற்பது பேர் கேட்டு வைத்திருந்தார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குழந்தை இயேசுவை இரண்டு கையாலும் கும்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் தொழில் புத்தி யாரை விட்டது? குனிந்து, மரத்தின் அடியில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார்.

"அந்தோணி, இங்க வா." குரல் தணிந்துவிட்டது. "உள்ள இன்னா கலர் இருக்கணும்?"

"பச்சைண்ணே."

"இது?"

காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. இன்னொரு இடத்தில் சுரண்டினார். அங்கேயும் காப்பித்தூள்.

"போச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீ குளிப்பாட்டுனியே, அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்."

"மேல பச்சையா இருக்கேண்ணே?"

"ஜூனிபர்யா இது! அது செத்த விஷயம் அதுக்கே ரெண்டு மாசம் கழிச்சிதான் தெரியும். முன்னாடி ஒரு தபா பாதி லோடு என்னை இப்டிதான் ஏமாத்திச்சு."

அவர் என் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனார்.

"ஏன்யா பேஜாராவுறே? எனக்கும் ஒனக்கும்தான் தெரியும். ஞாயித்துக்கெழமை குடிலைப் பிரிச்சிடுவாங்க. நாப்பது பேரு கேட்டுகினு கீறாங்க. வாய மூடிகினு இரு. ஈஸ்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம், செக்ஷன் நாளைக்கே ஒன்னுது." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஸ்டூல் வாங்கிட்டேன். குஷன் வெச்சது."

5. என் வாய், ஃபாதர் வாய்

அந்த ஞாயிறு மூன்று ராஜாக்கள் திருநாள். எங்கள் கோயிலில் அன்றைக்குக் காணிக்கைப் பொருட்களைப் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அந்த வருடம் மரத்தையும் ஏலத்தில் சேர்த்திருந்தார்கள். குஷன் ஸ்டூல் ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை பிலோமினா அக்காவைத் தெருவில் பார்த்தேன்.

"அண்ணே, மரத்தை நான்தான் எடுக்கப்போறேன். முட்டி மாத்திரையக்கூட நிறுத்திட்டேன். அது வீட்ல இருந்தா போதும். மரம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாயிருக்குக்கா," என்றேன். சொன்ன வாய் கசந்தது.

சனிக்கிழமை, செய்த பாவத்தை ஃபாதர் காதில் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "நீங்களே நாளைக்குப் பிரசங்கத்துல பட்டும் படாம சொல்லிடுங்க ஃபாதர்," என்றேன். அதுதான் என் திட்டம். அவர் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை.

கூண்டின் வலைக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர் கேட்டார்:

"அண்ணா, இதை வெளியில டீ குடிக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஏன் ஃபாதர்?"

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பிரசங்கத்துலயும் கூடாது, சைகையிலயும் கூடாது. ஏலத்தைக்கூட நான் இப்ப நிறுத்த முடியாது. என் வாயைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டு வந்துட்டீங்களே."

"அப்ப வெளிய வந்து இன்னொரு தடவை சொல்லட்டுமா ஃபாதர்?"

"ரெண்டாவது தடவை சொல்றதை ஜனங்ககிட்டயே சொல்லிடுங்கண்ணா."

6. ஏலம்

பூசை முடிந்தது. மைதானத்தில் முருங்கைக்காய்க் கட்டு, பூசணிக்காய், ரெண்டு கேக், காலைக் கட்டிய ஒரு சேவல், அப்புறம் மீன்சட்டியில் என் மரம். யாரோ நேர்ந்துகொண்டு கொடுத்த சேவல் அது. காலையிலிருந்து ஒரு சத்தம் போடவில்லை, ஜலதோஷம் பிடித்தது போல உட்கார்ந்திருந்தது. ஃபாதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாத் திசையிலும் பார்த்தார், என்னைத் தவிர.

மரத்தைத் தூக்கிக் காட்டியதும் பிலோமினா அக்கா என் பக்கம் சாய்ந்தார். "நல்லா இருக்குல்லண்ணே?"

"இருக்குக்கா."

பம்மல்காரர் ஒருவர் போட்டிக்கு வந்தார். விலை ஏறிற்று. அக்கா கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடியும் என்னைக் கேட்டார்.

"கடைசியா கேக்குறேண்ணே. உயிருள்ள மரம்தானே?"

"ஆமாக்கா," என்றேன்.

சேவல் கூவியது.

நான் கூட்டிச் சொல்லவில்லை. அங்கே இருந்த இருநூறு பேரும் கேட்டார்கள். மூன்று தடவை மறுதலித்த பேதுருவுக்கு ஒரு சேவல் கூவிய கதை எங்கள் ஜனத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபாதர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். சகாயமேரி, "என்னங்க, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

போய் மைக்கை வாங்கினேன். அது ஒரு விசில் அடித்தது.

"இந்த மரம் செத்துப்போச்சு. ஒன்றரை மாசம் ஆவுது. நான்தான் கொன்னேன். ஒரே நாள்ல கிளைய வெட்டி, வேரக் கழுவி, கட்டுக்கம்பி சுத்திட்டேன். ஜூனிபர் செத்தும் பச்சையா நிக்கும். எனக்கு அது முன்னாடி தெரியாது. தெரிஞ்ச பிறகும் மூணு நாளா சொல்லல. வேணும்னா சுரண்டிப் பாருங்க."

பிலோமினா அக்கா எழுந்து வந்தார். அத்தனை பேர் முன்னால் நகத்தால் சுரண்டினார். பார்த்தார்.

"அப்ப என் முட்டி?"

"மாத்திரைய இன்னிக்கே சாப்பிட ஆரம்பிங்கக்கா."

"அதான பாத்தேன்! ரெண்டு நாளா உயிர் போவுது. மரம் கோச்சுக்கும்னு வெளிய சொல்லல!"

முதலில் சிரித்தது ஃபாதர். அப்புறம் மைதானமே சிரித்தது. பம்மல்காரர் சேவலை ஏலம் எடுத்தார், நல்ல விலைக்கு. சகாயமேரி நேராகப் போய்ச் செடியைப் பிடுங்கி, குடிலிலிருந்து பிரித்துப் போட்டிருந்த மலைக்காகிதத்தின் மேல் போட்டுவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

7. உட்காரு

மறுநாள் வேலையை விட்டுவிடுவது என்று முடிவுபண்ணித்தான் போனேன். ஓனர் வாசலிலேயே நின்றார். அவர் பின்னால் எட்டுப் பேர், ஆளுக்கொரு செடியை மார்போடு அணைத்துக்கொண்டு.

"வந்துட்டாரு மைக் செட்டு!" என்றார். "நாப்பது பேரும் போனாங்கய்யா. ஆனா இவங்களைப் பாரு. வூட்ல இருக்குற செடிய எல்லாம் தூக்கிகினு வந்து, உண்மைய சொல்றவரு யாரு, அவரு சுரண்டிப் பாத்துச் சொல்லணும்ங்கறாங்க. வெடிகாலைலேர்ந்து என் உசிர எடுக்குறாங்க."

"அண்ணே, நான் வேலைய..."

"பேசாத. உட்காரு."

ஷேட் நெட்டுக்கு அடியில் அது இருந்தது. சிவப்பு குஷன். உட்கார்ந்தேன். முதல் செடியைச் சுரண்டினேன், பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது காப்பித்தூள். "இது போயிடுச்சும்மா," என்றேன். அந்த அம்மா அழவில்லை. "தெரியும், நீங்க சொல்லிக் கேக்கணும்னுதான் வந்தேன்," என்றார். எட்டுப் பேரில் ஐந்து பேர் போகும்போது ஒரு ஜூனிபர் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே இன்னொரு கவர் செடி எடுத்தேன். விரலால் மண்ணைத் தள்ளி அடி பார்த்து எடுத்தேன். முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு கிளைக்கு மேல் தொடவில்லை. தேறிய பிறகுதான் அலுமினியக் கம்பி. அதற்கும் அடுத்த வருடம்தான் சட்டி. தண்ணீர் நிற்காத மண்ணில், வேரில் பாதிக்கு மேல் கத்தரி படாமல். வீட்டுக்குள் ஒருநாளும் வைக்கவில்லை. காலை வெயில், மேல் மண் காய்ந்தால் தண்ணீர், சித்திரை வெயிலுக்கு ஷேட் நெட். ஒரு நேரத்தில் ஒரு வேலை. மீதியை ஆண்டவரும் மரமும் பேசிக்கொள்ள வேண்டும். அது இன்றும் நர்சரியில் நிற்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிலோமினா அக்கா கேட்பார். நான் பிளாஸ்டிக் மரம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். செத்த பிறகும் பச்சையாக நிற்க ஜூனிபருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மூன்று நாள் நான் அப்படித்தான் நின்றேன். இப்போதெல்லாம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற சனிக்கிழமை என்னை நானே கொஞ்சம் சுரண்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

மீன்சட்டியில் இப்போது பூண்டு இருக்கிறது. ஓட்டை இருப்பதால் காற்றோட்டமாக இருக்கிறதாம்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதைப் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள், ஒருவருக்குச் சொல்லுங்கள், சொல்லாமலும் இருங்கள். உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. சொல்வதானால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். எண்ணெய் வடிய வேண்டாம். ஓனர் மயங்க வேண்டாம். சேவல் ஒரு தடவைதான் கூவியது. மரம் செத்தது, தயவுசெய்து அதை எழுப்பிவிடாதீர்கள்.